நம் நாற்காலியா, நாலு நாற்காலியா

பாட்டு ஒன்றுதான். பாடியவர்கள்தான் இரண்டு பேர். அந்த மே மாதம் முழுக்க நாஷ்வில்லில் எந்த வானொலியைத் திருகினாலும் இரண்டில் ஒருத்தி உருகிக்கொண்டிருந்தாள்.

பாட்டின் பெயர் ‘நனையட்டும்’. புருஷன் விட்டுவிட்டுப் போன வீட்டில் ஒருத்தி சன்னலோரம் நிற்கிறாள். வெளியே மழை. வாசலில் கிடக்கும் நாற்காலிகள் நனைகின்றன. அவளுக்கு அவற்றை உள்ளே எடுத்துப் போட மனசில்லை. அவ்வளவுதான் விஷயம். இதை முதலில் ஏப்ரலில் பாடி வெளியிட்டவர் கார்லீன் வாஸ். நாற்பத்தொரு வயது. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர், ஆறு வருஷமாகச் சொல்லிக்கொள்ள ஒரு பாட்டும் இல்லாமல் இருந்தவர். பாட்டு மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. சரியாக மூன்று வாரம் கழித்து, பத்தொன்பது வயது கெல்சி ரே டன் அதே பாட்டைப் பாடி வெளியிட்டாள். அது ஏறவில்லை, பாய்ந்தது.

காலை நிகழ்ச்சி நடத்துகிறவனுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எது உசத்தி என்று போன் பண்ணிச் சொல்லுங்கள் என்றான். ஊரே போன் பண்ணியது. நான்காம் நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவளாம்.

“எது நல்லாருக்குங்கறது இருக்கட்டுங்க. கார்லீன் ‘நம் நாற்காலிகள் நனையட்டும்’னு பாடறாங்க. அந்தப் பொண்ணு ‘நாலு நாற்காலிகள்’னு பாடுது. ரெண்டும் ஒண்ணா? நம்மன்னா புருஷன் பொண்டாட்டி. நாலுன்னா அந்த வீட்டுல ரெண்டு குழந்தைங்க இருந்திருக்கு. குழந்தைங்க எங்க போச்சு? எனக்கு ராத்திரியெல்லாம் இதே யோசனைங்க.”

அதற்குப் பிறகு எது உசத்தி என்று யாரும் பேசவில்லை. குழந்தைகள் உண்டா இல்லையா என்பதுதான் பேச்சு. லாரி ஓட்டுகிறவர்கள், பாதிரியார்கள், பள்ளிக்கூட டீச்சர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கட்சி.

மார்வா டீக் அந்த போனைக் கேட்டபோது அடுப்பில் பிஸ்கட் தீய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கெல்சிக்கு முன்னால் ‘நாலு’ என்று அந்தப் பாட்டை உலகத்தில் பாடியவள் ஒரே ஒருத்திதான். அது அவள்.

மார்வாவுக்கு நாற்பத்துநாலு வயது. வேலை, டெமோ பாடுவது. பாட்டு எழுதுகிறவர்கள் தங்கள் பாட்டைப் பெரிய பாடகர்களுக்குக் காட்டச் சிக்கனமாக ஒரு பதிவு செய்வார்கள். அதில் பாடுவது இவள். மூன்று மணி நேரத்தில் ஐந்து பாட்டு. கேட்டுப் பிடித்துப்போய்ப் பாடகர்கள் அதைப் பாடிப் பேர் வாங்குவார்கள். இவள் பெயர் எங்கேயும் வராது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை. தன் மூச்சு எடுத்த இடத்திலேயே ஊர் பேர் தெரிந்த ஒருத்தி மூச்சு எடுப்பதை வானொலியில் கேட்கும்போது, ‘அம்மணி, அது என் மூச்சு’ என்று சமையலறையில் சொல்லிக்கொள்வாள். சொல்லிச் சிரிக்கவும் வீட்டில் ஆள் இல்லை. புருஷன் ஜீன் பையன்களை அழைத்துக்கொண்டு தூரத்து ஊரான அமரில்லோவுக்குப் போய் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது.

‘நனையட்டும்’ பாட்டை எழுதியவர் ஹோபர்ட் லின்சே. ஹாப் என்றால்தான் யாருக்கும் தெரியும். அறுபத்து மூன்று வயது. பாட்டுக் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு பழைய வீட்டை வைத்துக்கொண்டு, தானே எழுதித் தானே விற்கிற சின்னக் கம்பெனி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில் அந்த டெமோவைப் பாடியபோது, முதல் தடவை மார்வா ‘நம்’ என்பதை ‘நாலு’ என்று பாடிவிட்டாள். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். பாட்டு முடிந்ததும் ஹாப் சிரித்து, தன் கிறுக்கல் கையெழுத்தைத் தானே திட்டிக்கொண்டார். இரண்டாம் தடவை சரியாகப் பாடினாள். வெளியே போன டெமோ அந்த இரண்டாவதுதான். அப்படியானால் முதல் தடவை பாடியது கெல்சியின் காதுக்கு எப்படிப் போயிற்று?

கேள்வி அவளை உட்காரவிடவில்லை. தீய்ந்த பிஸ்கட்டை அப்படியே விட்டுவிட்டு ஹாப்பின் வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஹாப் மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பித்தானைக்கூடப் போடவில்லை.

“கார்லீன் இப்பதான் வந்துட்டுப் போனா கண்ணு. ஒக்காரு.”

“என்ன சொன்னாங்க, மிஸ்டர் ஹாப்?”

“நான் ஹோல்டை மீறிட்டேனாம்.”

மார்வா உட்கார்ந்தாள். ஒரு பாடகருக்குப் பாட்டு பிடித்துவிட்டால் ‘ஹோல்டு’ என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அதற்குக் காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், அவர் பாடி வெளியிடும்வரை அந்தப் பாட்டை இன்னொருவர் காதில் போடக் கூடாது. ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அப்புறம் யார் வேண்டுமானாலும் பாடிக்கொள்ளலாம், சட்டம் அதைத் தடுக்காது. வருவதற்கு முன்னால் காட்டியவன் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

“மூணு வாரத்துல எப்படி ஒரு ரெக்கார்டு வரும், முன்னாலயே குடுத்திருக்கேங்கறா. சரி, என் ரெக்கார்டைக் கேட்டுத்தான் பாடிச்சுன்னா ‘நம்’னுதானே பாடியிருக்கும், ‘நாலு’ங்கறது எங்கிருந்து வந்துது, ஓன் வீட்டு டேப்புல இருந்துதானேங்கறா. எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. அவ கேக்கறது நியாயந்தானே?”

“இப்ப என்ன பண்ணப் போறாங்களாம்?”

“என்னோட மூணு பாட்டு அவகிட்ட ஹோல்டுல இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள விளக்கம் சொல்லலேன்னா மூணையும் திருப்பிக் குடுத்துருவா. ஏன் குடுத்தேன்னு தெரு முழுக்கச் சொல்லுவா. நாப்பது வருஷம் கண்ணு. வார்த்தை தவறிட்டான்னு ஒருத்தன் சொன்னதில்ல.” அவர் தலையை நிமிர்த்தினார். “நீ வீட்டுக்குக் கொண்டுபோன கேஸட்டு, அதை அழிச்சிட்டேதானே?”

“அழிச்சிட்டேன்,” என்றாள் மார்வா.

பதிவு நாளில் இரண்டாம் குரல் பழகுவதற்காக அவளுக்கு ஓர் அவசரக் கேஸட் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். அது வழக்கம். அவள் இரண்டும் செய்யவில்லை. அந்தக் கேஸட்டை அவள் காரில் இருந்த டேப் பெட்டி விழுங்கிவிட்டது. வெண்ணெய்க் கத்தியால் நோண்டிப் பார்த்தாள், வரவில்லை. பெட்டியும் செத்துவிட்டது. செத்த பெட்டிக்குள் சிக்கிய கேஸட் அழிந்த மாதிரிதானே என்று, நவம்பரில் ஹாப் கேட்டபோது ‘அழிச்சிட்டேன்’ என்று சொல்லிவைத்தாள். சின்னப் பொய். இன்று அதையே இரண்டாம் தடவை சொன்னாள்.

ஆனாலும் அவளுக்குத் தன்மேல் சந்தேகம் வரவில்லை. அடுத்தவர்மேல் சந்தேகப்படுவது எல்லோருக்கும் சுலபம். அவள் நேரே போனது ஒலிப்பதிவு செய்த லைல் பார்ச்சிடம்.

லைல் கட்டிட வாசலில் உட்கார்ந்து சோளரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“நீ ஏதாவது காப்பி எடுத்தியா லைல்? உண்மையச் சொல்லு.”

“எனக்கு அதுதான் வேலை பாரு. ஓன் தப்பையெல்லாம் காப்பி எடுத்து அலமாரில அடுக்கிவெச்சா எனக்குப் படுக்க எடமிருக்காது.”

“வெளையாடாதே.”

“மொத தடவை மேலயேதான் ரெண்டாவதைப் பதிவு பண்ணேன். ஹாப் டேப்புக்குச் செலவு பண்ற ஆளா? நடுவுல நீ தண்ணி குடிக்கப் போனப்ப ஒனக்கு ஒரு கேஸட்டு போட்டுக் குடுத்தேன். அதுல மொத தடவைதான் இருக்கும். ரெண்டாவது அப்ப இன்னும் பாடவேயில்லையே.” அவன் மெல்லுவதை நிறுத்தினான். “அது எங்க?”

“அது செத்துப்போச்சு,” என்றாள் மார்வா. சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

இந்த ஊரில் புது இசைத்தட்டு வாங்குகிற யாரும் முன்பக்கப் படத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே பொடி எழுத்தில் யார் கிதார், யார் டிரம் என்று போட்டிருப்பதைத்தான் முதலில் படிப்பார்கள், தெரிந்தவன் பெயர் இருக்கிறதா என்று. அதில் பாதிப் பொறாமை. மார்வா கடையில் நின்றபடியே கெல்சியின் தட்டைப் பிரித்துப் படித்தாள். படம் நெடுக அந்தப் பெண் வைக்கோலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து. ஸ்டீல் கிதார், வெண்டல் ப்ரூயிட்.

வெண்டல் ப்ரூயிட். அந்தப் பெயரை அவள் எங்கோ எழுதியிருக்கிறாள். தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். எங்கே என்று நினைவுக்கு வந்தது. கார் விற்ற காகிதத்தில், வாங்குபவர் பெயர் என்ற இடத்தில்.

அது பழுப்பு நிற ஸ்டேஷன் வேகன். குடும்பத்தோடு போகும் வண்டி. தனி ஆளுக்கு எதற்கு அத்தனை பெரிய வண்டி என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். டிசம்பரில் நெட்டை ஆள் ஒருவன் வந்து வாங்கிப்போனான். இந்த ஊரில் கார் வாங்க வருகிறவன்கூடப் பாட்டுக்காரனாகத்தான் இருப்பான் என்பது அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

வெண்டல் வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது. அவன் அதன் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டான்.

“வாங்க மேடம். வண்டிக்கு ஒரு குறையுமில்ல. திருப்பிக் கேக்க வந்தீங்கன்னா தர மாட்டேன்.”

“வெண்டல், அந்த டேப் பொட்டி.”

அவன் முகம் மலர்ந்தது. “அதையா கேக்கறீங்க? அது சாகலே. ஒரு ஒயருதான் விட்டிருந்துது. சரி பண்ணேன், பாட ஆரம்பிச்சிருச்சு. ஆனா கேஸட்டு மட்டும் வெளிய வராது. வருஷம் பூரா எனக்கு அந்த ஒரே பாட்டு. போகும்போதும் அதே, வரும்போதும் அதே. மொதல்ல எரிச்சலா இருந்துது. அப்புறம் அது இல்லாம வண்டி ஓட்ட முடியாமப் போச்சு.”

“அதை யாருகிட்ட பாடிக் காட்டினே?”

“கெல்சியோட கச்சேரிக்குப் போற பஸ்ஸுல சும்மா முணுமுணுத்துக்கிட்டிருப்பேன். கெல்சிக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. யார் பாட்டுன்னு கேட்டா. எனக்கென்ன தெரியும், வண்டியோட வந்துதுன்னேன். ஏதோ பழைய பாட்டு போலன்னு நெனச்சோம். ஏப்ரல்ல ரேடியோவுல மிஸ் கார்லீன் பாடறாங்க. அப்பதான் யார் எழுதினதுன்னே தெரிஞ்சுது. இனிமே யாரு வேணும்னாலும் பாடலாமேன்னு கம்பெனில மூணே நாள்ல எடுத்துட்டாங்க. எல்லாருக்கும் மனப்பாடமா இருந்துதே.”

“கார்லீன் ‘நம்’னு பாடியிருக்காங்களே, அது காதுல விழலையா?”

“விழுந்துது. பாவம், தப்பாப் பாடிட்டாங்கன்னு நெனச்சோம்.”

மார்வா வண்டியின் பம்பரில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்பாகவே முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னாள். ஹாப், ஹோல்டு, வெள்ளிக்கிழமை. வெண்டல் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

“மேடம், நான் ஒண்ணு சொல்றேன். பொட்டியக் கழட்டி ஆத்துல போட்டுடறேன். ஒங்க பேரும் வராது, என் பேரும் வராது. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துருவாங்க.”

அது நல்ல யோசனைதான். மார்வாவும் அதை உதறிவிடவில்லை, ஒரு நிமிஷம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். கேஸட்டை வெளியே விட்டவள் என்று தெரிந்தால் அந்தத் தெருவில் யாரும் இனி அவளைப் பாடக் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு வேறு தொழில் தெரியாது. மாதம் ஒருமுறை அமரில்லோவுக்குப் பையன்களைப் பார்க்கப் போவதே இந்தத் தொழிலை நம்பித்தான். அவளுக்கு பயமாக இருந்தது, நிஜமான பயம்.

“அப்ப ஹாப்?” என்றாள்.

வெண்டல் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

“ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தக் கேஸட்டுல பாட்டு முடிஞ்சப்புறம் ஹாப் பேசறதும் இருக்கா?”

“ஒரு பெரியவரு சிரிப்பாரு. ஏதோ சொல்லுவாரு. நான் எப்பவும் அந்த எடத்துல திருப்பி ஓட்டிருவேன்.”

“வெள்ளிக்கிழமை வண்டி எனக்கு வேணும்,” என்றாள் மார்வா.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த ஸ்டேஷன் வேகனை ஹாப்பின் வீட்டுப் பின்பக்கம் நிறுத்தினாள். கேஸட் வெளியே வராது என்பதால் கேட்க வேண்டியவர்கள்தான் வண்டிக்குள் வர வேண்டும். கார்லீன் வாஸ் முன் இருக்கையில் ஏறினார். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஹாப் பின்னால், முழங்காலை மடக்கிக்கொண்டு. வெண்டலை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இருந்தாலும் அவன் தெரு முனையில் நின்றுகொண்டிருந்தான்.

“மிஸ் கார்லீன், இந்த வண்டி என்னுதா இருந்துது. வித்துட்டேன். வாங்கினவன் கெல்சிக்கு கிதார் வாசிக்கறவன், உள்ள மாட்டியிருந்த கேஸட்டோட பாட்டு அங்க போயிருச்சு. ஹாப் யாருக்கும் குடுக்கல. அழிச்சிட்டேன்னு நான்தான் அவர்கிட்டப் பொய் சொன்னேன்.” ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை மூச்சுவிடாமல் சொல்லிமுடித்தாள்.

கார்லீன் கண்ணாடியைக் கழற்றவில்லை. “போடு,” என்றார்.

மார்வா பொத்தானை அழுத்தினாள். கிதார், பிறகு அவள் குரல். எந்தப் பூச்சும் இல்லாத குரல். மழை வந்தது, சன்னல் வந்தது. ‘நாலு நாற்காலிகள்’ என்ற இடத்தில் குரல் ஒரு நூலிழை உடைந்து, பிறகு சேர்ந்துகொண்டது. கெல்சி அந்த உடைசலையும் விடாமல் எடுத்துப் பாடியிருந்தாள். பாட்டு முடிந்தது. ஹாப்பின் சிரிப்பு.

‘நாலு இல்ல கண்ணு, நம்ம. நம்ம நாற்காலி. என் கிறுக்கலு அப்படி. ஒம்மேல தப்பில்ல, தண்ணி குடிச்சிட்டு வா.’

கார்லீன் பின்பக்கம் திரும்பினார்.

“ஹாப், நான் ஒன்னச் சொன்னது தப்பு. மூணு பாட்டும் எங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கே தெருவுல எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்.” பிறகு மார்வாவைப் பார்க்காமல் சொன்னார். “ஆனா எனக்கு வர்ற டேப்புல இனிமே இவ குரல் வேண்டாம். யாராவது கேட்டா ஏன்னும் சொல்லுவேன்.”

மார்வா தலையசைத்தாள். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தாலும் வலிக்கத்தான் செய்கிறது.

“அப்படிச் சொல்லாதே கார்லீன்,” என்றார் ஹாப். “மூலமே என்னோட கிறுக்கலுதான். அதுல நாலா நம்மளான்னு எனக்கே தெரியாது.”

“எங்க, அந்தத் தாளைக் காட்டு.”

“அது எங்கயோ கெடக்கும், விடு.”

“ஒவ்வொரு தாளையும் பைல்ல வெக்கற ஆளு நீ. எடுத்துட்டு வா.”

ஹாப் இறங்கி உள்ளே போனார். போனவர் வரவே நேரமாயிற்று. கடைசியில் ஒரு தாளைக் கொண்டுவந்து, சன்னல் வழியாக, கொடுக்க மனமில்லாத மாதிரி நீட்டினார். கார்லீன் பார்த்தார். பார்த்துவிட்டு மார்வாவிடம் கொடுத்தார்.

அது கையெழுத்தே இல்லை. டைப் அடித்த தாள். அன்றைக்குப் பாடிய ஐந்தில் நாலு ஹாப்பின் கிறுக்கல், இது ஒன்று மட்டும் அவர் ஆபீஸ் பெண் இமோஜீன் அடித்தது. ‘நம்’ என்ற சொல் கறுப்பாக, அகலமாக, சின்னப் பிள்ளைகூடப் படிக்கிற மாதிரி இருந்தது. ஒன்றரை வருஷமாக மார்வா அந்தத் தாளைக் கிறுக்கலாகவே நினைத்துவைத்திருந்தாள், ஹாப் அப்படிச் சொன்னதால். அக்டோபர் அது. ஜீன் போனது செப்டம்பரில். ஹாப்புக்கு அது தெரியும்.

அவள் ஹாப்பைப் பார்த்தாள். அவர் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்லீன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வானொலியில் ஊரே ஒரு வாரமாகக் கேட்ட கேள்வியை அவர் மெதுவான குரலில் கேட்டார்.

“யாரு அந்த நாலு பேரு?”

“நான். ஜீன்,” என்றாள் மார்வா. “பெரியவன் டால்டன். சின்னவன் ரோரி. பச்சை நாற்காலி ரோரியோடது. அதுல மட்டும் ஒருத்தரையும் ஒக்கார விட மாட்டான்.” அதற்குமேல் அவளால் முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுவதை மறைக்கவும் இல்லை.

கார்லீன் தான் சொன்ன எதையும் திரும்பப் பெறவில்லை. அவர் வாக்கு வாக்குதான். சன்னல் கண்ணாடியை மட்டும் ஏற்றினார், அந்த வெயிலிலும், தெருச் சத்தம் உள்ளே வராதபடி.

“மறுபடியும் போடு,” என்றார்.

மார்வா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேஸட்டை ஆரம்பத்துக்கு ஓட்டினாள்.